யாங்கோனிலிருந்து சொன்ன ‘தயார்’

யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், சத்தமாகச் சொல்லக்கூடாத சொற்கள் பல உண்டு. அவற்றில் ஒன்றை வைத்துத்தான் நான் பிழைப்பு நடத்துகிறேன் என்பது, அங்கே போன இரண்டாம் நாள்தான் எனக்கு உறைத்தது.

போனது கல்யாணத்துக்கு. என் அப்பா பர்மாவிலிருந்து கப்பலேறி வந்து வியாசர்பாடியில் குடியேறியவர். பெரியப்பா வரவில்லை. துறைமுக வேலையை விட மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய ஒரே மகள் சரோஜா அக்கா. கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. ஆகவே அவள் மகள் தீபாவுக்குத் தாய்மாமன் என்றால் உலகத்தில் நான் ஒருவன்தான். “நீ வரலைன்னா எம்பொண்ணு நெத்தியில பட்டம் கட்ட ஆளில்ல. வந்துருவேல்ல?” என்று அக்கா போனில் கேட்டபோது, தேதியைக்கூடப் பார்க்காமல் சரி என்றேன்.

தேதியைப் பார்த்திருக்க வேண்டும்.

நான் வேலை செய்வது நார்வேயின் வடகோடியில். வானத்தில் தெரியும் வடதுருவ ஒளியை ஆராயும் குழு. பச்சைத் திரைச்சீலை மாதிரி ஆடும் ஒளியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். எங்கள் அக்கறை அதில் இல்லை. அந்த ஆட்டம் அடங்கி, வேடிக்கை பார்க்க வந்தவர்களெல்லாம் தூங்கப் போன பிறகு, விடியலை ஒட்டி வானத்தில் மங்கலான திட்டுகள் தோன்றும். சில நொடிகள் எரியும், அணையும், மறுபடி எரியும். ஸ்டார்ட்டர் கெட்டுப்போன டியூப்லைட்டை நினைத்துக்கொள்ளுங்கள். துடிக்கும் ஒளி என்று பெயர். பூமியின் காந்தப் புலத்தில் வெகு தூரத்தில் எழும் அலைகள் எலக்ட்ரான்களை உலுக்கிக் கீழே கொட்டுவதால் இது வருகிறது என்று நம்புகிறோம். எந்த எலக்ட்ரான்கள், எவ்வளவு வேகத்தில் என்பதைத் தரையிலிருந்து காமிரா வைத்துப் பார்த்தால் பாதிதான் தெரியும். அந்தத் திட்டுக்குள்ளேயே ஒரு ராக்கெட்டை விட்டு அளக்க வேண்டும். சில நிமிடங்கள் பறக்கும், பிறகு கடலில் விழுந்துவிடும். திரும்பக் கிடைக்காது.

அந்த ராக்கெட்டின் தலையில் இருக்கும் எலக்ட்ரான் கருவி என்னுடையது. ஒரு டிபன் கேரியர் அளவுதான் இருக்கும். அதற்காக என் தலைமுடியில் பாதி போயிற்று.

நான் கிளம்புவதற்கு முன்பே ஏவி முடித்திருக்க வேண்டியது. முடியவில்லை, அதற்குக் காரணமும் நான்தான். ஏவுவதற்கு முன் ஒவ்வொரு கருவியின் பெயரையும் வரிசையாகக் கூப்பிடுவார்கள். பொறுப்பாளர் ‘தயார்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்ல வேண்டும். ஒரே ஒரு ‘இல்லை’ வந்தாலும் கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள். என் கருவிக்குள் ஈரம் போகக்கூடாது. போனால், மேலே உயர் மின்னழுத்தம் ஏறியதும் உள்ளே பொறி பறந்து கருகிவிடும். அதனால் ஏவும் நொடி வரை குழாய் வழியாக உலர்ந்த நைட்ரஜன் ஊதிக்கொண்டே இருப்போம். இரண்டு முறை ஈர அளவு ஏறியது. இரண்டு முறையும் நான் ‘இல்லை’ என்றேன். இரண்டு முறையும் நாங்கள் குழாயைச் சரிசெய்து முடிப்பதற்குள் மேகம் மூடிவிட்டது. “யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை” என்று குழுத் தலைவர் எழுதினார். அந்த வரியைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏவும் காலத்தைச் சில நாள் நீட்டினார்கள், நான் யாங்கோனுக்கு விமானம் ஏறினேன்.

யாங்கோனில் அலோன் என்கிற பேட்டையில் அக்கா வீடு, மூன்றாம் மாடி. கீழே இறங்கினால் கிடங்குகள், லாரிகள், அதைத் தாண்டி ஆறு. அத்தான் அங்கே கிரேன் ஓட்டுகிறார். அக்கம்பக்கம் அவரை ஊ முத்து என்று மரியாதையாகக் கூப்பிடுகிறது. எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு சுவிட்சுப் பெட்டி, ஒரு இணையத் தொடர்பு. சுவிட்சுப் பெட்டி இருந்தது.

“மீ இல்லடா,” என்றாள் அக்கா. மீ என்றால் அங்கே கரண்டு. “சாயங்காலமா வரும். வந்தா எல்லாரும் ஓடி மோட்டர் போடுவோம், சோறு வடிப்போம், போன் சார்ஜ் போடுவோம். நீயும் ஓடு.”

“நெட்டு?”

“அது அதுக்கு மூட் இருந்தா வரும்.”

வியாசர்பாடியில் கரண்டு போனால் நாலு பேர் திட்டுவார்கள். இங்கே யாரும் திட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கைபேசியில் சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதே என் முழுநேர வேலையாகிவிட்டது.

மறுநாள் காலை அத்தான் மொஹிங்கா வாங்கி வந்தார், மீன் குழம்பு ஊற்றிய சேமியா. எங்கள் பேட்டையில் தள்ளுவண்டியில் கிடைக்கும் சரக்குதான், ஆனால் இங்கே மீன் குழம்பு கூழ் மாதிரி கெட்டியாக, வாழைத்தண்டு போட்டு, வாசனையே வேறு. தீபா எதிரில் உட்கார்ந்து, கன்னத்தில் பூசிய தனக்கா என்கிற மரப்பட்டைச் சாந்து காயாத முகத்தோடு நான் சாப்பிடுவதையே பார்த்தாள். அவளுக்குத் தமிழ் புரியும். பேச்சு பாதியில் பர்மியத்துக்குப் போய்விடும்.

“மாமா ஏன் எப்பப் பாத்தாலும் போன்?”

விளக்கினேன். அவள் அம்மாவிடம் பர்மிய மொழியில் ஏதோ சொன்னாள். அக்கா சிரித்தாள். “வானத்துல லைட்டு மினுக்குறதுக்கு ஒரு மனுசன் இப்படி இளைப்பானான்னு கேக்குறா.”

பக்கத்துப் பேட்டையான லான்மடாவில் ஜமால் பாய் கடையில் இன்வெர்ட்டர் உண்டு, இணையமும் நன்றாக இருக்கும் என்று அத்தான் அழைத்துப் போனார். பேட்டரி, சோலார் தகடு, மின்விசிறி விற்கும் சின்னக் கடை. பாயின் பாட்டனார் தொண்டியிலிருந்து வந்தவராம். வாசலில் இரண்டு குட்டை முக்காலி போட்டு டீக்கடையும் சேர்ந்தே நடக்கிறது. இனிப்பு தூக்கலான டீ வந்தது. இணையம் வந்தது. இங்க்ரிட் முகம் திரையில் வந்தது. இங்க்ரிட் என் சக பொறியாளர். நான் இல்லாத நேரத்தில் என் மேசையில் உட்கார்ந்து என் கருவியைப் பார்த்துக்கொள்பவள். கடிகாரம் நிற்கும் நேரமெல்லாம் கம்பளிக் காலுறை பின்னுவாள்.

எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. ஆங்கிலத்தில், உரத்த குரலில், “ராக்கெட் எப்படி இருக்கிறது? எப்போது ஏவுகிறோம்?” என்றேன்.

பக்கத்து முக்காலியில் இருந்த இருவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். எதிரே வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்தினாள். ஜமால் பாய் வந்து என் தோளில் கை வைத்தார்.

“தம்பி, உள்ள வந்து உக்காந்து பேசுங்க. இங்க அந்தப் பேரைச் சொல்லப்புடாது.”

“நான் சொன்னது ஆராய்ச்சி…”

“உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ரோட்டுல போறவனுக்குத் தெரியுமா? இந்த ஊர்ல அது எங்கயிருந்து வருது, எங்க விழுதுன்னுதான் எல்லாருக்கும் கவலை.”

எனக்கு வியர்த்துவிட்டது. நாட்டில் சண்டை நடப்பது தெரியாமல் வரவில்லை. ஆனாலும் அந்தச் சொல் எனக்குப் பழகிப்போன தொழில் சொல். பேட்டரி அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து, இங்க்ரிட்டிடம் இனி அதைப் ‘பறவை’ என்று சொல்வோம் என்றேன். ஏன் என்று கேட்டாள், சொன்னேன். பின்னல் ஊசிகளை மேசையில் வைத்தாள். “சரி, பறவை,” என்றாள். அன்றைக்கு மேகம் இருந்தது. பறவை பறக்கவில்லை.

அந்தப் பெயர் அலோன் வீட்டிலும் பரவியது. மூன்றாம் நாள் மாடிப்படியில் எதிர்ப்பட்ட பர்மியப் பெரியவர் ஒருவர்கூட, அத்தான் சொல்லிவைத்திருந்தபடி, இரண்டு கையையும் இறக்கைபோல அசைத்து என்னிடம் விசாரித்தார். நான் தலையை ஆட்டி இல்லை என்றேன். என் வாழ்க்கையே அந்த ஒரு சொல்லாகிவிட்டதே என்று எரிச்சல் வந்தது.

அன்று பாய் கடையில்தான் இங்க்ரிட் விஷயத்தை உடைத்தாள். “நாளை விடியற்காலை இங்கே வானம் தெளிந்திருக்கும். காற்றும் இல்லை. நாளைதான் கடைசி. அதற்கு மேல் நீட்ட மாட்டார்கள்.”

நார்வேயின் விடியற்காலை என்றால் யாங்கோனில் நல்ல காலை நேரம். தீபாவின் முகூர்த்தம்.

“உனக்கு லைன் கிடைக்காவிட்டால் நான் பதில் சொல்லட்டுமா?” என்று கேட்டாள்.

“வேண்டாம்,” என்றேன். “என் கருவிக்கு நான்தான் சொல்ல வேண்டும். நான் போனில் சொல்கிறேன், நீ அதை அப்படியே சொன்னால் போதும்.”

“நீ கல்யாணத்தில் இருப்பாய்.”

“ஒரு சொல்தானே. சொல்லிவிடுவேன்.”

அந்தச் சொல் எது என்பதையும் நான் அப்போதே முடிவு செய்துவிட்டிருந்தேன். மூன்றாவது முறையும் ‘இல்லை’ என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. எத்தனையோ பேரின் உழைப்பு, எத்தனையோ பேரின் தூக்கம். மூன்றாவது தடவையும் அந்த ஆள்தான் என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் பார்வையை என்னால் தாங்க முடியாது. அளவு எப்படியிருந்தாலும் தயார் என்பதே என் பதில்.

மாப்பிள்ளை வீடு டாலாவில், ஆற்றுக்கு அக்கரையில். கல்யாணம் அங்கே மாரியம்மன் கோயிலில். காலையில் பெண் வீட்டார் எல்லோரும் சீர்த் தட்டுகளோடு படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆற்றைக் காணவில்லை. பனிமூட்டம். படகு கிளம்பாது என்றார்கள்.

ஆப்பிள், வெற்றிலை, பட்டுப்புடவை, தேங்காய் எல்லாம் தட்டுகளில் வரிசையாகக் காத்திருந்தன. பட்டம் இருந்த தட்டு என் மடியில். பட்டம் என்றால் நெற்றியில் கட்டும் தங்கத் தகடு, இரண்டு பக்கமும் மஞ்சள் நூல். ஒரு பெண் வேகவைத்த காடை முட்டை விற்றுக்கொண்டு போனாள். தீபா பட்டுப்புடவையோடு நின்றபடியே ஒன்றை உரித்துத் தின்றாள். அக்கா திட்டினாள். கைபேசியில் ஒரு சிக்னல் கோடுகூட இல்லை.

அத்தானின் கைபேசிக்கு எப்படியோ ஒரு அழைப்பு வந்தது. அக்கரையிலிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமன், ஊ தங்கராஜ். ஒலிபெருக்கியில் போட்டார். “நேரம் போயிருச்சுன்னா கவலப்படாதீங்க, பயலுக்கு நான் பட்டம் கட்டும்போது பொண்ணுக்கும் சேத்துக் கட்டிர்றேன். உங்க ஆளு மெதுவா வரட்டும்.”

நல்ல மனதோடுதான் சொன்னார். அக்காவின் முகம் சுருங்கிப்போயிற்று. “அதெல்லாம் வேணாம். எந்தம்பி இருக்கான்,” என்றாள்.

மடியிலிருந்த தட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். அதே நேரம் மனம் பாழாய்ப்போன கோடு வந்துவிட்டதா என்று கைபேசியையும் பார்த்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிற ஈனப் பிறவியாக இருக்கிறேனே என்று என் மீதே கோபம் வந்தது.

பனி விலகி, படகு ஊதி, கிளம்பியது. கடற்காகங்கள் கூடவே பறந்தன. நடு ஆற்றில் கைபேசி உயிர்பெற்றது. இங்க்ரிட் அனுப்பிய செய்தி: “திட்டுகள் தோன்ற ஆரம்பித்துவிட்டன. துடிக்கின்றன. ஒரு மணி நேரத்துக்குள் பெயர் கூப்பிடுவார்கள். ஈர அளவு இப்போதைக்குச் சரி.” பதில் அடித்தேன். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரிவதற்குள் கோடு மறைந்தது.

டாலாவில் ஆளுக்கொரு சைக்கா. சைக்கிளின் பக்கவாட்டில் இருக்கை வைத்த வண்டி. என் வண்டிக்காரர் பாதி வழியில் சங்கிலி கழன்று இறங்கினார். நான் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு புழுதியில் நின்றேன். மற்ற வண்டிகள் எல்லாம் முன்னே போய்விட்டன. தீபா மட்டும் திரும்பிப் பார்த்து, தன் வண்டியை நிறுத்தச் சொல்லி, “கெய்ஸா மஷிபூ மாமா, பயப்படாதீங்க. நீங்க வராம நான் உக்கார மாட்டேன்,” என்றாள். ஒன்றும் பிரச்சினை இல்லை என்று அர்த்தம். கல்யாணப் பெண் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

கோயிலில் மேளம் தொடங்கிவிட்டது. ஊ தங்கராஜ் மாப்பிள்ளைக்குக் கட்டி முடித்திருந்தார். என்னைக் கண்டதும் ஒதுங்கி இடம் கொடுத்தார். ஐயர் பட்டத்தை எடுத்துக் கொடுத்தார். தீபா முன்னால் குனிந்து உட்கார்ந்தாள். நூலின் இரண்டு முனைகளையும் பிடித்து அவள் தலைக்குப் பின்னால் கொண்டுபோனேன். சட்டைப்பையில் கைபேசி அடித்தது.

இரண்டு கையிலும் நூல். மேளம். சுற்றிலும் ஜனம். விட்டுவிட்டு எடுக்கலாம், பட்டம் கீழே விழும். விழுந்தால் அபசகுனம் என்று அக்கா வருஷம் முழுக்கச் சொல்வாள். விடாமல் இருக்கலாம். நாலைந்து வருஷ உழைப்பு அந்த ஒலிக்குள் இருந்தது. நான் முடிச்சுப் போடாமல் நிற்பதைத் தீபா உணர்ந்திருக்க வேண்டும்.

“மாமா, போனு.”

“இருக்கட்டும்மா.”

“எடுங்க. நான் புடிச்சிக்கிறேன்.” அவள் தன் கையை உயர்த்தி, பட்டத்தை நெற்றியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மணமேடையில் எந்தப் பெண்ணும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. ஐயர் மந்திரத்தை நிறுத்தாமல் என்னை முறைத்தார்.

எடுத்தேன். இங்க்ரிட் குரல் உடைந்து உடைந்து வந்தது. “பெயர் கூப்பிடப் போகிறார்கள். ஈரம் எல்லைக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஏறுகிறதா, நிற்கிறதா தெரியவில்லை. என்ன சொல்ல?”

“தயார்,” என்றேன்.

“கேட்கவில்லை.”

“தயார். தயார் என்று சொல்.”

“நீ பேசுவது ஒன்றுமே கேட்கவில்லை. எனக்கு மேளம் மட்டும்தான் கேட்கிறது. நான் என்ன…”

லைன் போயிற்று. மறுபடி போட்டேன், கோடே இல்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. “ரெண்டு கையாலயும் கட்டணும்டா,” என்றாள் மெதுவாக. கைபேசியைப் பையில் போட்டேன். தீபாவின் விரல்களை விலக்கி நூலை இழுத்து முடிச்சுப் போட்டேன். அவள் கையைப் பிடித்து மாப்பிள்ளை பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். தாலி ஏறியது. அட்சதை போட்டேன். பாதி அட்சதை ஐயர் மேல் விழுந்தது.

விருந்து பிரமாதம் என்றார்கள். எனக்கு ஆட்டுக்கறிக்கும் சாம்பாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பதில் வராவிட்டால் அதையும் ‘இல்லை’ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், அதுதான் விதி. என் மேளம், என் லைன், என் பிடிவாதம் எல்லாம் சேர்ந்து கடைசி நாளையும் கெடுத்துவிட்டன என்று நிச்சயமாகத் தெரிந்தது. ஊ தங்கராஜ் என் இலையில் வலிந்து இன்னொரு கரண்டி ஊற்றி, “உங்க பறவை என்னாச்சு தம்பி?” என்று கேட்டார். அவர்வரைக்கும் செய்தி போயிருக்கிறது. நான் அழுதுவிடாமல் இருந்தது பெரிய காரியம்.

திரும்பும் படகு. நடு ஆறு. கைபேசி மூன்று முறை அதிர்ந்தது.

முதல் செய்தி: “எலக்ட்ரான் கருவிக்கு ‘இல்லை’ என்று சொல்லிவிட்டேன். மன்னித்துவிடு.”

படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாயில் வந்த வார்த்தைகளை எழுத முடியாது. யார் இவளைச் சொல்லச் சொன்னது? பக்கத்தில் அத்தான் தூங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது செய்தி நீளமானது. நான் பேசிய லைன் போன சற்று நேரத்தில் ஈர அளவு கோட்டைத் தாண்டி விர்ரென்று ஏறியதாம். குழாயின் கடைசி இணைப்பில் பனி உறைந்து விரிசல் விட்டிருந்தது. வேறு குழாய் மாட்டி, உலரும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை. அதுவரைக்கும் வானத்தில் திட்டுகள் துடித்துக்கொண்டே இருந்தன. “உன் லைன் கிடைக்கவில்லை. மறுபடி பெயர் கூப்பிட்டபோது நானே ‘தயார்’ சொன்னேன். உன்னைக் கேட்காமல்.”

மூன்றாவது ஒரு படம். என் கருவி அனுப்பிய வரைபடம். சீப்புப் பற்கள் மாதிரி ஏற்றம், இறக்கம், ஏற்றம், இறக்கம். தரையிலிருந்து காமிரா பார்த்த ஒளி எரிந்து அணைந்த அதே தாளத்தில், மேலே எலக்ட்ரான்கள் வந்து நின்று வந்து நின்று கொட்டியிருக்கின்றன. நாலைந்து வருஷமாக நான் மனதில் மட்டும் வரைந்து பார்த்த படம்.

சந்தோஷம் வருவதற்கு முன் குளிர்தான் வந்தது. என் சொல் அவளுக்குக் கேட்டிருந்தால், ஈரத்தோடு அது மேலே போயிருக்கும். மின்னழுத்தம் ஏறிய நொடியில் கருகியிருக்கும். கடலில் விழுந்திருக்கும்.

யாங்கோன் கரையை நெருங்கும்போது இங்க்ரிட் கூப்பிட்டாள். தெளிவான லைன், துளி இரைச்சல் இல்லை. வாழ்த்தினேன், நன்றி சொன்னேன். அவள் கேட்டாள்: “அப்போது நீ ஏதோ சொன்னாய். எனக்கு மேளம்தான் கேட்டது. என்ன சொன்னாய்?”

‘இல்லை’ என்றுதான் சொன்னேன் என்று புளுகியிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

“தயார்னு சொன்னேன்,” என்றேன், தமிழில். பிறகு ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னேன்.

“அந்த மேளக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல்,” என்றாள் இங்க்ரிட்.

கைபேசியை வைத்துவிட்டு நிமிர்ந்தால் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்ணை அக்கரையில் விட்டுவிட்டு வருகிறவள், அழுது கண் வீங்கியிருந்தது. “என்னடா ஆச்சு? பறவை?”

“பறந்துருச்சுக்கா,” என்றேன். “நான் இல்லாமலே.”

“இல்லாட்டி என்ன,” என்றாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே. “இங்க இருந்தேல்ல.”